நான் பிடித்த வைரஸ்

தமிழ் அழிந்துகொண்டிருக்கிறது என்று மேடையில் யாராவது குரல் தழுதழுக்கப் பேசும்போது நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இப்படிக் குற்றம் சாட்டுகிறவர்களிடம் பொதுவாக ஆதாரம் இருக்காது. என் விஷயத்தில் இருக்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில், வடையைக் கடித்துக்கொண்டே, என் சொந்தக் கையால் ஏறக்குறைய எண்பது பக்கத் தமிழை அழித்தவன் நான். தமிழ் மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அது தமிழ் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். வைரஸ் என்று நினைத்தேன்.

இதை வெளியில் சொல்லாமலே காலத்தை ஓட்டியிருப்பேன். போன மாதம் நுவரெலியாவில் ஒரு பூச்சட்டியைப் பார்த்துத் தொலைத்தேன்.

உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். விடுதித் தோட்டத்தில் விருந்து. குளிருக்குக் கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு நடந்தபோது ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே ஒரு பழைய கம்பியூட்டர் பெட்டி நிற்பதைக் கண்டேன். மேல்தகட்டை வாளால் அறுத்து எடுத்து, உள்ளே மண் நிரப்பி, பன்னம் என்கிற பெரணிச் செடியை நட்டிருந்தார்கள். சீடி போடும் துவாரத்தின் வழியாக ஓர் இலை நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. விடுதிக்காரர் பக்கத்தில் வந்து, "விண்டேஜ்ங்க சேர். டூரிஸ்ட்காரங்க நின்னு போட்டோ எடுப்பாங்க," என்றார். விண்டேஜ் என்பது என் வயதுக்காரர்களைப் பற்றிப் பேசும்போதும் இளசுகள் பாவிக்கிற சொல்.

குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தேன். என் கடையின் ஸ்டிக்கர். அதைக் கிழித்தால் உத்தரவாதம் செல்லாது என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே நான் கையெழுத்தும் போட்டிருந்தேன். பெட்டியின் தலையை அறுத்தவர்கள் ஸ்டிக்கரைத் தொடவில்லை. சட்டப்படி பார்த்தால் உத்தரவாதம் இன்னும் செல்லும். பன்னம் வாடினால் நான்தான் பொறுப்பு.

ஈர மண் வாசனை வந்தது. அந்தப் பெட்டிக்குள் இருக்கவேண்டிய வாசனை அதுவல்ல. சூடேறிய தூசும் ஈயப்பற்றும் கலந்த ஒரு வாசனை உண்டு; எங்கள் பக்கத்துப் பெட்டிகளில் அதோடு தேயிலையும் சேர்ந்துகொள்ளும். தொழிற்சாலை அலுவலகத்துக் கம்பியூட்டர் ஒன்றை முதன்முதலாகத் திறந்தபோது உள்ளே ஒரு செம்மறியாட்டுக் குட்டி படுத்திருக்கிறதோ என்று பயந்துபோனேன். அவ்வளவும் தேயிலைப் பஞ்சு. காற்றாடி அதை நாள் தவறாமல் இழுத்து இழுத்து உள்ளே மெத்தை தைத்திருந்தது. பக்கத்தில் நின்ற டீமேக்கர் ஐயா, தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர், ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இதக் கீழ போட்டுறாதீங்க. போன கிழம ஏலத்துக்கு அனுப்புனத விட இது நல்லா இருக்கு."

அவர் கேலி செய்தாரா, கவலைப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் என் கடை இருந்தது. கொழும்பில் ஆறு மாதம் படித்து வாங்கிய டிப்ளோமாவைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். சேலை வாங்க வருகிற பெண்கள் படிமாறி மேலே ஏறி வந்து, அதைச் சாமி படம் என்று நினைத்து ஒரு கணம் நின்றுவிட்டுப் போவார்கள். பாகங்களைக் கொழும்பில் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். மதர்போட்டைப் பிறந்த பிள்ளையைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிரில் இருந்த அம்மா ஒருவர் நாவலப்பிட்டி வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கேக்கா தம்பி? ஒரு துண்டு வெட்ட ஏலாதா?" என்று கேட்டார்.

அந்தக் காலத்தில் கம்பியூட்டர் என்பது கடையில் பார்த்து எடுத்துக்கொண்டு போகிற பொருள் அல்ல. சொல்லிச் செய்விப்பது. வளையல் செய்யச் சொல்கிற மாதிரி வந்து உட்காருவார்கள். எவ்வளவு மெமரி, எந்த மாதிரி புரொசஸர் என்று நான் விளக்க ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் எழுந்து வந்து, செய்து வைத்திருக்கும் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார்கள். "என்னங்க, லேசா இருக்கு?" என்பார்கள். அத்தோடு என் டிப்ளோமா காலி. ஆட்டுக்கும் பலாப்பழத்துக்கும் உள்ள நியாயம்தான் கம்பியூட்டருக்கும். கனம் இல்லாத பெட்டி ஏமாற்று.

சில மாதம் வாதாடிப் பார்த்தேன். பிறகு செத்துப்போன பவர் சப்ளைகளைச் சேர்த்து வைத்து, புதுப் பெட்டிகளின் அடியில் ஒன்றொன்றாக முறுக்கிவிட ஆரம்பித்தேன். அது எதனோடும் இணைக்கப்பட்டிருக்காது, சும்மா இருக்கும். எங்கும் சும்மா இருப்பவற்றுக்குத்தான் கனம் அதிகம். அதற்குப் பிறகு என் பெட்டிகள் நல்ல பெட்டிகள் என்று கொத்மலை வரைக்கும் பேர் பரவியது.

பழுது பார்ப்பதில் எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். தோட்டத்து டிஸ்பென்சரியில் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் மாடு முட்டியதற்கும் ஒரே வெள்ளை மாத்திரை கொடுப்பார்கள் அல்லவா, அந்த வழி. என் மாத்திரைக்குப் பெயர் போமட். உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்து எறிந்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிப்பது. கம்பியூட்டர் மெதுவாக ஓடுகிறதா? போமட். படம் ஆடுகிறதா? போமட். மௌஸ் நகரவில்லையா? போமட் பண்ணியபிறகும் நகராவிட்டால் மௌஸை மாற்றிப் பார்ப்பேன். வாடிக்கையாளர்களுக்கும் அந்தச் சொல் பிடித்துப்போனது. "எங்க மாமியாருக்கு ஒரு போமட் அடிச்சுத் தர ஏலுமாங்க?" என்று கேட்டவர்கள் உண்டு.

இந்தக் கீர்த்தியெல்லாம் உச்சத்தில் இருந்தபோதுதான் செல்வராணி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

செல்வராணிக்கு ராகலை பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன். போன் பேசலாம், போட்டோகொப்பி எடுக்கலாம், விண்ணப்பம் தட்டச்சு செய்துகொள்ளலாம். அவள் தமிழ் அடிக்கும் வேகத்தைப் பார்க்கவே சிலர் வெளியில் நிற்பார்கள். ஒரு பக்கம் பிந்திப்போன பஸ்ஸைத் திட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் யாருடைய காணிச் சண்டையையோ பிழையில்லாமல் அடித்துக்கொண்டிருப்பாள். அவளுடைய கம்பியூட்டரை நான்தான் செய்து கொடுத்திருந்தேன். ஆனால் தமிழ் அடிக்கத் தேவையானதைக் கண்டியில் இருந்த யாரோ ஒரு சொந்தக்காரரிடம் சீடியில் வாங்கி அவளே போட்டுக்கொண்டாள். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். என் கடையில் பில்லும் ஆங்கிலம், ஸ்டிக்கரும் ஆங்கிலம். தமிழ் எனக்கு வாசிப்பதற்கும், மற்றவர்களுடைய தமிழில் பிழை கண்டுபிடிப்பதற்கும் மட்டும்தான்.

ராகலைக்கு மேலே ஒரு தோட்டம். அதன் பெயர் வேண்டாம். அங்கே மாரியம்மன் கோயிலில் கும்பாபிஷேகம் வந்தது. கும்பாபிஷேகம் என்றால் ஒரு மலர் வெளியிட வேண்டும். அதில் குருக்களின் ஆசியுரை, தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் வாழ்த்துரை, கோயில் வரலாறு, திருப்பணிக்கு ஆற்றிலிருந்து மணல் சுமந்தவர்களின் பெயர்கள் எல்லாம் இருக்கும். வழக்கமாக இதை நுவரெலியாவில் ஓர் அச்சகத்தில் கொடுப்பார்கள். இந்தத் தடவை தட்டச்சு, பக்கம் அமைப்பது எல்லாவற்றையும் தானே செய்கிறேன், அச்சடிக்க மட்டும் அங்கே கொடுப்போம் என்று செல்வராணி கேட்டிருக்கிறாள். அவள் பிறந்தது அந்தத் தோட்டத்தில்தான்.

கோயில் தலைவர் முத்தையா ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை. மழை இல்லாத நாளிலும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் அபிப்பிராயம் சொல்வார். சபை நடுவே அவர், "பொம்பளப் புள்ள கையில குடுத்தா மலர் வருமா, பூத்துக்குலுங்கி அடுத்த கும்பாபிஷேகத்துக்கு வருமா?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். செல்வராணி எழுந்து நின்று, "கும்பாபிஷேகத்தன்னைக்கு விடிய மலர் ஒங்க கையில இல்லாட்டி நான் கடைய மூடிட்டுப் போயிர்றேன் மாமா," என்று சொல்லிவிட்டாள். அம்மன் சன்னிதியில், அத்தனை பேருக்கு முன்னால். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லையாம்.

கும்பாபிஷேகத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கம்பியூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பெட்டியைக் குளிக்கிற துவாயில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்தாள். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "லெடெக்த?" என்று கேட்டாராம். நோயாளியா என்று. இவளும் சிங்களத்திலேயே ஆமாம் என்று சொல்லிவிட்டாள். பாவம் என்று முன் ஆசனம் ஒன்றை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்.

"அண்ணே, மலர் முழுக்க இதுலதான் இருக்கு. டீயில போட்டு வச்சிருக்கேன்."

கம்பியூட்டரின் இரண்டாவது அறையை டீ என்று சொல்வோம். எங்கள் பக்கத்தில் எல்லாருடைய பிழைப்பும் டீயில்தான் இருக்கிறது என்று நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"பாமினி இருக்குண்ணே. மறக்காமப் பாத்துக்குங்க," என்று படியில் இறங்கிக்கொண்டே சொன்னாள்.

யார் பாமினி என்று கேட்டிருக்கலாம். ஆனால் தெரியாது என்று சொல்வதை அந்த ஆறு மாதப் படிப்பில் கற்றுத் தரவில்லை. பாமினி அவளுடைய தங்கச்சியாக இருக்கும், தங்கச்சி போட்டோ ஏதாவது பெட்டிக்குள் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்," என்று தலையை ஆட்டினேன்.

பாமினி தங்கச்சி இல்லை. அது ஓர் எழுத்துரு. இப்போது போனில் தமிழ் தானாக வருகிறது. அப்போது வராது. ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் வேட்டி கட்டிவிட்ட ஓர் ஏற்பாடுதான் பாமினி. வேட்டி இருக்கிற கம்பியூட்டரில் தமிழ் தெரியும். வேட்டி இல்லாத கம்பியூட்டரில் அதே எழுத்துகள் அரைக்காற்சட்டையோடு ஆங்கிலமாக, அர்த்தமில்லாமல் நிற்கும். இது இலங்கையில் தட்டச்சு செய்கிற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அவள் போனதும் அவளுடைய ஹார்ட் டிஸ்க் தட்டை எடுத்து என் கம்பியூட்டரில் பொருத்தி, டீ அறையைத் திறந்தேன். உள்ளே வரிசையாகக் கோப்புகள். ஒன்றுக்கும் பெயர் என்று ஒன்று இல்லை. நியூ, நியூ நியூ, லாஸ்ட், லாஸ்ட் லாஸ்ட், அதற்குப் பிறகு ரியல் லாஸ்ட். முதல் கோப்பைத் திறந்தேன். மேலே நடுவில் இப்படி ஒரு வரி:

mk;kd; Jiz

அதற்குக் கீழே பக்கம் பக்கமாக அதே மாதிரி பினாத்தல். அடுத்த கோப்பைத் திறந்தேன். மேலே நடுவில் அதே வரி. அடுத்தது. அதே வரி. எனக்குப் புல்லரித்தது. கோப்புகளுக்குள் புகுந்து எழுத்துகளைக் குலைக்கிற புது வைரஸ் ஒன்று உலவுகிறது என்று அந்த வாரம்தான் கொழும்பில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு கோப்பின் உச்சியிலும் ஒரே வரி இருக்கிறது என்றால் அது என்ன? வைரஸ் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. எவ்வளவு கூர்மையான தர்க்கம், பாருங்கள். எங்கள் ஆட்கள் கடைச் சிட்டையிலிருந்து காதல் கடிதம் வரைக்கும் எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் மேலே என்ன எழுதுவார்கள் என்பது மட்டும் எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

போமட் அடித்தேன். டீ அறையையும் சேர்த்து. கிருமி மிஞ்சிவிடக் கூடாது என்று இரண்டாம் தடவையும் அடித்தேன். வடையின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ராகலைக்குப் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, ஒன் கம்பியூட்டர்ல பெரிய வைரஸ் ஒண்ணு இருந்துச்சு. நல்ல வேளை, கொண்டு வந்த. புடிச்சு அழிச்சுட்டேன்."

"மலரு?"

"மலர் எங்க இருந்துச்சு? எல்லாத்தையும் அது தின்னுருச்சு. நான் தொறக்குறப்பவே ஒரு கோப்பும் மிச்சம் இல்ல. எல்லாத்துலயும் அதோட கையெழுத்து."

"என்ன கையெழுத்துண்ணே?"

மேசையில் எழுதி வைத்திருந்தேன். கொழும்பில் போய்க் காட்டிப் பெருமைப்பட. பெரிய டாக்டர் மாதிரி நிதானமாக வாசித்தேன். "எம். கே. செமிகோலன். கே. டி. செமிகோலன். கொஞ்சம் இடம் விட்டு, பெரிய ஜே. ஐ. இசெட்."

மறுமுனையில் விரல்கள் மேசையில் மெல்லத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. எழுத்துகளை அவள் காதால் அல்ல, விரலால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றாள். "அது அம்மன் துணை."

"எந்த அம்மன்?" என்று கேட்டேன்.

வாழ்க்கையில் நான் கேட்ட கேள்விகளை ஒரு வரிசையில் நிறுத்தினால் இதுதான் முன்னால் நிற்கும்.

"பாமினி எங்கண்ணே? பாமினி போட்டுப் பாக்கலியா?"

"பாமினி இங்க வரவே இல்லியே தங்கச்சி."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில், கடையில் பார்வைக்கு வைத்திருந்த கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு நான் ராகலைக்குப் போனேன். என் மடியிலும் ஒரு நோயாளி. செல்வராணி திட்டுவாள் என்று வழி முழுக்கப் பதில் தயாரித்துக்கொண்டு போனேன். அவள் திட்டவில்லை. நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"கையால எழுதிக் குடுத்த தாளெல்லாம் இருக்குமே?" என்று கேட்டேன்.

அவள் வெளியே கையைக் காட்டினாள். பஸ் தரிப்பிடத்தில் கடலைக்காரர் ஒருவர் கூடையோடு நின்றார். அடித்து முடித்த தாள்களை அவள் வழக்கமாக அவருக்குத்தான் கொடுப்பாள், சுருள் சுற்ற. தொரையின் வாழ்த்துரை அநேகமாக வெலிமடை வரைக்கும் போயிருக்கும். நான் ஓடிப்போய் மிச்சமிருந்த கடலையையெல்லாம் வாங்கினேன். பிரதம குருக்களின் ஆசியுரையில் பாதி கிடைத்தது. எண்ணெய் ஊறி, முன்னைவிடப் பிரகாசமாக இருந்தது.

"வைரஸ்னே சொல்லிருவோம்," என்றேன். "தலைவர்கிட்ட. வைரஸ் வந்தா யார் என்ன பண்ண ஏலும்?"

அவள் கம்பியூட்டருக்கு வயர் சொருக ஆரம்பித்தாள். "பாப்போம்ணே. நீங்க மொதல்ல உக்காருங்க," என்றாள்.

அப்படித்தான் நான் ஆறு நாள் ராகலைக்குப் போய் வந்தேன். அவள் சீடியைப் போட்டு பாமினியை ஏற்றினாள். புதுக் கோப்பின் உச்சியில் முதல் வரியை அடித்தாள். என்னை ஏமாற்றிய அதே எழுத்துகள் ஒன்றொன்றாக வேட்டி கட்டிக்கொண்டு அம்மன் துணை என்று நின்றன. என் பார்வை தானாகக் கீழே போய்விட்டது. எனக்கு என் செருப்பின் மீது இவ்வளவு ஈடுபாடு வந்தது அன்றுதான்.

வாழ்த்துரைகள் கஷ்டமாக இல்லை. கொடுத்தவர்களின் கருத்து அவளுக்கு நினைவிருந்தது. எல்லாருக்கும் ஒரே கருத்து: மகிழ்ச்சியடைகிறேன். நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். தொரைக்கு நான் இலக்கியத் தரத்தோடு ஒன்றரைப் பக்கம் சொன்னபோது கையை எடுத்துவிட்டாள்.

"தொர இப்பிடியா பேசுவாரு? அவரு வருசத்துக்கு நாலு வார்த்த பேசுவாரு. அதுல ரெண்டு 'கெட் அவுட்'."

முத்தையாவின் தலைவருரைக்கு நான் மனம் உருகிச் சொன்னேன். வியர்வை, மலை, பனி, தலைமுறை எல்லாம் வந்தது. "அம்மனப் பத்திச் சொல்லச் சொன்னா ஒங்களப் பத்தியே சொல்றீங்க," என்றாள். ஆனாலும் அடித்தாள். நேரம் இல்லை.

அவளுடைய விரல்களுக்கு நினைவிருந்தவை சில. கோயில் வரலாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பாதிக்கு மேல் அடித்துவிட்டாள். மலர் முழுவதையும் இப்படி ஒப்பேற்றிவிடலாம், மணல் சுமந்தவர்களின் பெயர்களை முடியாது. பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்குக் கோயில் படி மிதிக்காது. விட்டவளின் கடைப் படியையும் மிதிக்காது. கூட்டத்தில் தலைவரிடம் விட்ட சவாலைவிட இதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

"லயம் லயமாப் போவோம்," என்றாள். "எழுத்து சரியான்னு பாக்க வந்திருக்கோம்னு சொல்லுவோம்."

கொப்பி நான் பிடித்துக்கொண்டேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் மேட்டு லயத்திலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொரு குடும்பத்தின் காம்பராவுக்கும் போய் நின்று, பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டோம். யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டோம் போல. மருதமுத்து என்று ஒருவர் உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்துவந்து அதிலிருந்த துண்டுகளைப் பரப்பினார். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர். தோட்டத்துச் சம்பளப் பேரேடான செக்ரோலில் இன்னொன்று. அடையாள அட்டையில் இரண்டுக்கும் சொந்தமில்லாத மூன்றாவது.

"இதுல எதுவும் நான் இல்லைங்க. அம்மன் பொஸ்தகத்துலயாவது என்னைய நானா போடுங்க," என்றார். நான் எழுதியதைத் தலைகீழாக நின்று எட்டிப்பார்த்து, "மு-னாவுக்குப் பின்னால புள்ளி வச்ச தானா, அப்பறம் து-னா. வச்சிட்டீங்களா?" என்று உறுதி செய்துகொண்டார்.

அடுத்த காம்பராவில் ஒரு பெண், "நான் மணல் சொமக்கலீங்க. இடுப்பு வலி. சொமந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தேன். போடுவீங்களா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு," என்றாள் செல்வராணி.

அதைப் பக்கத்து வாசலில் கேட்டுக்கொண்டிருந்தவர், "எங்கப்பா போன வருசம் தவறிட்டாரு. அவரையும் போட ஏலுமா?" என்றார்.

"அவரு மணல் சொமந்தாரா?"

"சொமக்குறேன்னு சொன்னாரு. அதுக்குள்ள காலு வரல."

செல்வராணி என்னைப் பார்த்தாள். நான் எழுதினேன். பட்டியல் இப்படித்தான் வளர்ந்தது. முதலில் இருந்ததைவிட இரண்டு மடங்கு ஆனது. ஆற்றில் அவ்வளவு மணல் இருந்திருக்காது.

எந்த வாசலிலும் சாயத்தண்ணி இல்லாமல் விடவில்லை. பாலில்லாமல், கருப்பாக, கையில் ஒரு துண்டு சர்க்கரையோடு. மறுத்தால் மனம் நோகும் என்று எல்லா இடத்திலும் குடித்தேன். இரண்டாம் நாள் பிற்பகலில் நான் சரிவில் உருண்டால் உள்ளே அலையடிக்கிற சத்தம் கேட்டிருக்கும். "குடிங்க தம்பி, பாவம்," என்று ஒவ்வொருவரும் என்னை ஒரு மாதிரி கனிவோடு பார்த்தார்கள். படித்த பிள்ளை, ஹட்டனிலிருந்து நடையாய் நடக்கிறதே என்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கிழவர் மட்டும், "கம்பியூட்டரு சொகமா இருக்கா?" என்று விசாரித்தார். அவ்வளவு தூரம் அறிவியல் பரவிவிட்டதே என்று மகிழ்ந்தேன்.

கும்பாபிஷேகத்தன்று காலை, மேளம் ஆரம்பிப்பதற்குள் மலர் வந்துவிட்டது. அச்சகத்துக் கட்டுகள் இன்னும் சூடாக, மையும் பசையுமாக மணந்தன. செல்வராணி முதல் பிரதியை முத்தையா கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவர் குடையை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, நேராகத் தன் படம் இருக்கும் பக்கத்துக்குப் போனார். பிறகு தலைவருரையை ஒலிபெருக்கியில் தானே வாசிக்க ஆரம்பித்தார். நான் எழுதியது. வியர்வை, மலை, பனி. பாதியில் நிறுத்தித் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"எழுதுறப்ப தெரியல," என்றார் மக்களைப் பார்த்து. "இப்ப வாசிக்கறப்பதான் வருது."

நான் குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து திறந்து, பெயர் பக்கத்தில் விரலை வைத்து, எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்கள். மருதமுத்து தன் பெயரைப் பக்கத்தில் நின்றவருக்குக் காட்டினார். அவர் வாசித்ததும், இன்னொருவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். செல்வராணி தூணில் சாய்ந்துகொண்டு எதையும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுடைய கடை திறந்தே இருந்தது.

என் கடை சில வருடங்களில் மூடப்பட்டது. பிறகு நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் உட்கார்ந்து நாற்காலி தேய்த்தேன். இப்போது ஹட்டனில் அந்த மேல்மாடியில் நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். கம்பியூட்டர் செய்யச் சொல்லி யாரும் வருவதில்லை. பெட்டியைத் தூக்கிக் கனம் பார்க்கிற கைகள் இல்லை, ஏனென்றால் பெட்டியே இல்லை. எல்லாம் சட்டைப் பையில் அடங்கிவிட்டது. போமட் என்ற சொல்லை என் மருமகனிடம் சொன்னபோது அது ஒரு சாப்பாட்டுச் சாமானா என்று கேட்டான். பாமினியும் ஏறக்குறையப் போய்விட்டாள். இன்றைக்கு யாராவது தமிழை வைரஸ் என்று நினைத்து அழிக்க ஆசைப்பட்டால்கூட வழியில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் ராகலையில் பஸ் மாற இறங்கியபோது செல்வராணியைப் பார்த்தேன். கடை இன்னும் இருக்கிறது. போன் கவரும் ரீலோட் கார்டும் நிறைய, ஓரத்தில் தட்டச்சு. தலைமுடியில் கொஞ்சம் வெள்ளை. ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் மேலே எழுதியதையெல்லாம் அவளிடம் இன்னும் உருக்கமாகச் சொன்னேன். ஒரு கைத்தொழிலே போய்விட்டது தங்கச்சி, இந்தப் போன் வந்து என் கடையை மூடிவிட்டது, நாங்கள் ஒரு யுகத்தின் கடைசி ஆட்கள் என்றேன். அதோடு, அன்றைக்கு நான் அழித்ததை யாரிடமும் சொல்லாமல் இத்தனை வருடம் என் மானத்தைக் காப்பாற்றினாயே என்று நன்றியும் சொன்னேன்.

யாருக்கோ அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"யாரு சொல்லல? நீங்க போன் எடுத்த அன்னைக்குப் பின்நேரமே போயி சபையில சொல்லிட்டேன்ணே. சொல்லாம விட்டு மலரும் வராமப் போயிருந்தா எங்கடையில்ல மூடியிருக்கணும்?" என்றாள். "அப்பறம் ஒங்க கட போன் வந்து மூடலண்ணே. போன் வந்தது அதுக்கு எவ்வளவோ பொறகு. முத்தையா மாமா அன்னைக்கே எல்லா லயத்துக்கும் சொல்லி அனுப்பிட்டாரு: 'நல்ல பையன், பாவம். பேரு கேட்டு வந்தா சாயத்தண்ணி குடுங்க. கம்பியூட்டர மட்டும் குடுத்துறாதீங்க.'"